கொண்டை ஊசி வளைவில் யூரியா தீர்ந்தால்?

குன்னூரில், பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் ரெக்கவரி வண்டி ஒன்றே ஒன்று வைத்துத் தொழில் செய்யும் வாசகர் கேட்கிறார்: "வண்டி எடுத்தபோது 2,000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் யூரியா பக்கெட் ஒன்று போதும் என்றார்கள். எனக்கு 1,400-லேயே யூரியா விளக்கு எரிகிறது. போன மாதம் ஒரு காரை ஏற்றிக்கொண்டு பர்லியாறு தாண்டி வரும்போது இழுவை குறைந்து திணறிவிட்டேன். எங்காவது ஒழுகுகிறதா? பக்கத்து எஸ்டேட்டில் யூரியா மூட்டை இருக்கிறது. அவசரத்துக்குத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம்.

டிரைவர்கள் 'யூரியா' என்றும் 'ஆட்புளூ' என்றும் சொல்லும் டெஃப் (டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட்) திரவத்தில் 32.5 சதவீதம் மிகத் தூய்மையான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சைலன்சர் சூட்டில் இது அம்மோனியாவாகப் பிரிந்து, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. தேயிலைக்குப் போடும் யூரியா வேறு சரக்கு. 2015 முதல் நம் நாட்டு உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. போதாததற்கு பையூரெட் என்ற கழிவும் தூசியும் அதில் உண்டு. குழாய்த் தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்பும் சேரும். இவை டெஃப்பைப் புகைக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுண்துளையை அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டின் மேல் படிந்துவிடும். கேட்டலிஸ்ட் ஒருமுறை கெட்டால் கழுவிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மானிய உரத்தை விவசாயம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒழுகல் இருந்தால் குழாய் மூட்டுகளிலும் டேங்க் அடியிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒரு டார்ச்சை எடுத்துப் பார்த்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வண்டியில் குற்றமில்லை, கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டதுதான் தவறு.

டெஃப் செலவு ஓடிய தூரத்தைப் பார்ப்பதில்லை, எரிந்த டீசலைப் பார்க்கிறது. 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 4 முதல் 6 லிட்டர் போகும். சமவெளியில் உங்கள் வண்டி லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் டீசல், அதற்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் டெஃப். அதே வண்டி பாரத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது லிட்டருக்கு இரண்டரைதான் கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் டீசல். மேலே சொன்ன வரம்பின் உச்சத்தில் செலவானால் 2.4 லிட்டர் டெஃப். மூன்று மடங்கு! இறங்கும்போது கியரில் விட்டு வந்தால் இன்ஜினுக்கு டீசலே போகாது, டெஃப்பும் செலவாகாது. ஏற்றம், இறக்கம், சமவெளி எல்லாம் கலந்து உங்களுக்கு 1,400 வருகிறது. நியாயமான கணக்குதான்.

அதனால் டீசல் போடும் நோட்டிலேயே பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு டெஃப்பையும் எழுதுங்கள். நான்கைந்து தடவை எழுதினால் உங்கள் வண்டியின் விகிதம் பிடிபடும். பிறகு அது திடீரென்று கூடினாலோ குறைந்தாலோதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். குறைந்தால் லாபம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இன்ஜெக்டர் அடைபடத் தொடங்கியிருக்கும்.

டெஃப் பாதி டேங்குக்குக் கீழே இருந்தால் மலை இறங்கும் அழைப்பை ஏற்காதீர்கள், நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது பாரத்தோடு ஏற வேண்டியிருக்கிறது. தீரப்போகும்போது வண்டி முதலில் விளக்கு காட்டும், அப்புறம் இழுவையைக் குறைக்கும். அதையும் மீறினால் ஊர்ந்து போகத்தான் விடும். பல வண்டிகளில் இந்தக் கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வராது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் பிடித்துக்கொள்ளும். எனவே விளக்கு எரிந்தால் டீ குடிக்க வளைவில் ஓரங்கட்டாமல், அகலமான சமதளம் வரை வந்து நிறுத்தி ஊற்றுங்கள். பாரத்தோடு சரிவில் நிற்பது உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் பஸ்ஸுக்கும் ஆபத்து. ஊற்றியதும் மீட்டர் ஏறவில்லையே என்று பதற வேண்டாம். சாவியைப் போட்டுச் சற்றுப் பொறுங்கள். இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றினால் சில வண்டிகள் கணக்கில் எடுப்பதில்லை.

ரெக்கவரி வண்டிக்கென்றே உள்ள தொல்லை ஒன்று, நின்றபடி வேலை செய்வது. பள்ளத்தில் விழுந்த வண்டியை வின்ச் (கம்பி வடம் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்க ஒரு மணி நேரம் இன்ஜின் பி.டி.ஓ.வில், அதாவது சக்கரத்துக்குப் பதில் வின்ச்சுக்குச் சக்தி கொடுத்தபடி, ஓடும். சைலன்சர் சூடேறாது. சுமார் 200 டிகிரிக்குக் கீழே டெஃப் ஒழுங்காகப் பிரியாமல் வெள்ளைக் கட்டியாக உறையும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் இன்ஜெக்டர் முனையில் கட்டைவிரல் பருமனுக்குக் கல் மாதிரி கட்டி இருந்தது. அந்த வண்டி மாதக்கணக்கில் வின்ச் வேலையும் ஊருக்குள் சின்ன ஓட்டமும் மட்டும்தான் செய்திருந்தது. நீண்ட வின்ச் வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது நல்ல இழுவையில் ஓட்டுங்கள். அதற்கு நம் மலை ஏற்றத்தைவிட நல்ல மருந்து இல்லை.

இன்ஜினை அணைத்த கையோடு பேட்டரி கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பும் பழக்கமும் பலருக்கு உண்டு. அணைத்த பிறகுதான் பம்ப், குழாயில் மிஞ்சிய டெஃப்பை டேங்குக்குத் திருப்பி இழுக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

ஊட்டியை ஒட்டிய தலைகுந்தா பக்கம் ஜனவரியில் பனி உறைகிறதே என்று பயந்து டெஃப்பில் உப்போ கூலன்ட்டோ சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். டெஃப் உறைவது மைனஸ் 11 டிகிரியில். நீலகிரிக் குளிர் அவ்வளவு தூரம் போவதில்லை. உண்மையில் குன்னூர்க் குளிர் உங்களுக்குச் சாதகம். 25 டிகிரிக்குள் மூடி வைத்த டெஃப் ஒன்றரை ஆண்டு தாங்கும். 35 டிகிரிச் சூட்டில் ஆறு மாதம்தான். ஆகவே இருப்பை மேலே வீட்டில் நிழலில் வையுங்கள். வண்டியில் சீல் பிரிக்காத 10 லிட்டர் கேன் ஒன்று போதும். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் புனல் வேண்டும், டீசலுக்குத் தொட்ட புனல் ஆகாது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். செம்பையும் பித்தளையையும் அது அரிக்கும், வின்ச் ஒயர் இணைப்புகள் முதலில் போகும்.

அந்த கேன் உங்கள் வண்டிக்கு மட்டுமல்ல. டெஃப் தீர்ந்து நிற்கும் சுற்றுலா வேன் உங்களை அழைத்தால், ஏற்றாமலே அனுப்பிவிடலாம். ஆனால் ஊற்றும் முன், கடைசியாக எந்த டேங்கில் எதை ஊற்றினார்கள் என்று கேளுங்கள். டீசல் டேங்கில் டெஃப்போ, நீல மூடி போட்ட டெஃப் டேங்கில் டீசலோ போயிருந்தால் சாவியையே போட விடாதீர்கள். அப்படியே ஏற்றிக்கொண்டு போய் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் இரண்டு பக்கெட் கூடுதலாக வாங்கி வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடும் நாட்களில் கீழிருந்து சரக்கு வராது. உங்களைத் தேடி ஃபோன் வருவதும் அந்த நாட்களில்தான்.