கூரை சோலார் பேனலைத் தாங்குமா? சீலிங்குக்குள் ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன்

"எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு 30 வயது. சோலார் கம்பெனிக்காரர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் தாங்கும் என்கிறார், நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே ஏறிப் பார்க்காதவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்களுடையதும் ஓடு போட்ட பழைய வரிசை வீடுதான். பின்னால் சமையலறையை இழுத்துக் கட்டி தகரம் போட்டிருக்கிறோம். உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும். 10 பேனல் போடலாம் என்று ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். வந்த தம்பி டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார், பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போடப் பேப்பரை நீட்டினார். 7 பேனல் ஓட்டின் மேல், மீதி 3 சமையலறைத் தகரத்தின் மேலாம்.

எங்கள் அப்பா தோட்டத்து ஆசாரி. 31 வருடம், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைகளைப் பழுது பார்த்தவர். சுத்தியல் காம்பால் மரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். டொக் என்றால் நல்ல மரம், பொத் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. அந்தச் சுத்தியல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதையும் டார்ச்லைட்டையும் எடுத்துக்கொண்டு சீலிங்குக்குள் ஏறினேன்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுச்சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு, நேராக மேலே ஏறி, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்துக்குள் போயிருந்தது. கரையான். தட்டினேன், பொத் என்றது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரைக்கும் இறங்கியது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. டிரோன் இதை எப்படிப் பார்க்கும்?

அப்புறம் 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, பதிவு பெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. பேனல் ஒன்று 20 முதல் 25 கிலோ. அலுமினியச் சட்டத்தோடு சேர்த்தால் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. சிமெண்டு ஓடே சதுர மீட்டருக்கு 45 கிலோ இருக்கும். அதைச் சுமக்கக் கட்டிய மரம் நன்றாக இருந்தால் இந்தக் கூடுதல் பெரிய பாரமில்லை. தகரமோ 5 கிலோ அளவுதான். அதற்கென்று போட்ட மெல்லிய சட்டத்தின் மேல் பேனல் ஏற்றினால் பாரம் மூன்று நான்கு மடங்காகிவிடும். சமையலறைப் பக்கம் கூடவே கூடாது என்றார்.

பாரத்தை விட அவர் அதிகம் பேசியது காற்றைப் பற்றி. சாயங்கால இடிமழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அது பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். கூரை ஓரத்தில் இன்னும் மோசம். அதனால் பேனலைப் பிடிக்கும் கொக்கி கைமரத்தில் இறங்க வேண்டும், ஓடு உட்காரும் ரீப்பரில் அடிக்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் துளை போடவே விடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன்.

வீட்டுப் பிளான் இருக்கிறதா என்று கேட்டார். எங்கே இருக்கிறது? வாங்கும்போது யாரும் கொடுக்கவில்லை. தோட்டத்திலும் இதே கதைதான். துரை பங்களாவின் பிளான் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது, எட்டுக் குடும்பம் இருந்த எங்கள் லயத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தோட்டத்தை விற்றபோது அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு தேநீர் விருந்தும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதமும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சோலாருக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். மூன்று கைமரத்தை மாற்றி, கரையானுக்கு மருந்தடித்து, ஓட்டின் மேல் மட்டும் 7 பேனல் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள், அடியில் இருக்கும் மரமும் அதுவரை நிற்க வேண்டாமா? கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் சீலிங்கில் ஏறும் வாசல் இல்லையென்றால் குளியலறைப் பக்கம் ஒரு பலகையைக் கழற்றினால் போதும். காலையிலேயே ஏறுங்கள், பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. கால்களை மரத்தின் மேல் மட்டும் வையுங்கள், சீலிங் பலகை ஆளைத் தாங்காது.