எது சரி என்று சொல்லத் தத்துவம் இருக்கும்போது கதை எதற்கு?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தத்துவமே சில இடங்களில் கதை சொல்லித்தான் தப்பிக்கிறது. 1945இல் பாரிஸில் பேசியபோது பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் தன்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் போரில் இறந்தாயிற்று, அம்மாவுக்கு இவன் ஒருவன்தான். அவளோடு இருப்பதா, இங்கிலாந்துக்குப் போய், ஜெர்மனியை எதிர்த்த பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர்வதா? எந்த அறநூலிலும் இதற்கு விடை இல்லை, நீயே தேர்ந்தெடு என்றார்.

பாளையங்கோட்டையில் போர் இல்லாமலே இது நடக்கும். துபாய் வேலைக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அம்மா மாத்திரை அட்டையைக் கண்ணருகே பிடித்து, காலைக்கு உள்ளது எது என்று தடவிக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாய்யா" என்றாள். நான் போகவில்லை. சரியாகச் செய்தேனா என்று இன்றும் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசனம்' எழுதினார். கல்லாகக் கிடந்த அகலிகையை மீட்டவன் ராமன். அவனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. அகலிகைக்கு ஒரு நீதி, சீதைக்கு இன்னொன்றா? அவள் நொறுங்கிப்போகிறாள். மறுபடி கல்லாகிறாள்.

அது அவள் எடுத்த முடிவா, தாங்க முடியாமல் உறைந்ததா? கல்லூரி நாளில் படித்தபோது முடிவு என்று நினைத்தேன். அம்மா போன பிறகு படித்தபோது, உறைந்துதான் போயிருக்கிறாள் என்று பட்டது.