பயணக் கேள்வி – பதில்: ஐந்து நாளில் அயர்லாந்துக் கடற்கரை

கேள்வி: நானும் என் கணவரும், 68 வயதான மாமியாரும் வரும் மே மாதம் டப்ளினில் வேலை பார்க்கும் மகனிடம் செல்கிறோம். அவனுக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைக்கும். அதற்குள் ஜயண்ட்ஸ் காஸ்வே, மோஹர் செங்குத்துப் பாறைகள், டிங்கிள், ஸ்கெலிக் தீவு ஆகிய நான்கையும் பார்த்துவிடலாம் என்று ஒரு பயண ஏற்பாட்டாளர் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது சரிவருமா?
– வாசகி, மதுரை

பதில்: சரிவராது, அம்மா. நான்கு இடங்களும் அருமையானவைதான். ஆனால் அறுகோணக் கற்தூண்கள் நிறைந்த காஸ்வே, அயர்லாந்துத் தீவின் வடமுனையில் இருக்கிறது, ஸ்கெலிக் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் இருக்கிறது. டப்ளினிலிருந்து காஸ்வேக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், அங்கிருந்து மேற்குக் கரை நகரமான கால்வேக்கு ஐந்து மணி நேரம், கால்வேயிலிருந்து தென்மேற்கில் உள்ள டிங்கிளுக்கு நான்கு மணி நேரம் என்று காரிலேயே பாதி விடுப்பு கரைந்துவிடும். மேற்குக் கடற்கரையை ஒட்டி 2014-இல் தொடங்கப்பட்ட ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ என்னும் சாலைத்தடம் மட்டுமே சுமார் 2,500 கிலோமீட்டர் நீளம். அதில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஊரில் தங்கி, நிதானமாகப் பார்ப்பதுதான் குறுகிய பயணத்துக்கு ஏற்றது. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் துண்டு கிளேர் மாவட்டக் கடற்கரை. தங்க வேண்டிய ஊர் டூலின். அங்கே அறை கிடைக்காவிட்டால் லிஸ்டூன்வார்னாவிலோ பாலிவானிலோ தங்கலாம். டப்ளினிலிருந்து நெடுஞ்சாலையில் வந்தால் மதிய உணவு இடைவேளையோடு அரை நாளில் சேர்ந்துவிடலாம்.

மோஹர் பாறைகள் டூலினுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மிக உயரமான இடத்தில் 214 மீட்டர். அதன் அருகே 1835-இல் கட்டப்பட்ட ஓ’பிரையன் கோபுரம் நிற்கிறது. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடையில் வந்து போவதால், நீங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் செல்லுங்கள். பாறைகளின் முகம் மேற்கு நோக்கியது. காலையில் நிழலடித்துக் கிடக்கும் அந்தப் பாறை அடுக்குகள் மாலை வெயில் நேராக விழும்போதுதான் வரி வரியாகத் தெளிந்து தெரியும். மே மாத நடுவில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. பஃபின் என்னும் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலமும் அதுவே. தெற்குப் பக்கப் பார்வைத் தளத்துக்குக் கீழே உள்ள புல் போர்த்திய பாறைத் திட்டைத் தொலைநோக்கியால் பார்த்தால் கறுப்பு வெள்ளை உடலும் ஆரஞ்சு நிற அலகுமாக அவை வந்து போவதைக் காணலாம். பார்வையாளர் மையத்தை ஒட்டிய கல் பாவிய பாதை மாமியாருக்குப் போதும். விளிம்பை ஒட்டிய நடைபாதையின் சில பகுதிகளைப் பாதுகாப்புக் கருதி மூடி வைப்பதுண்டு. அந்தத் தடுப்பைத் தாண்டிப் போவதை மகன் உட்பட ஒருவருமே செய்யக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு நாளை இனிஷீர் தீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரான் தீவுகள் மூன்றில் இதுவே சிறியது. டூலின் துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். துறையில் குதிரை வண்டிகள் காத்திருக்கும் என்பதால் வயதானவர்களும் தீவைச் சுற்றி வர முடியும். சாந்து எதுவும் பூசாமல் வெறும் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள் ஒவ்வொரு சிறு வயலையும் சூழ்ந்திருக்கும். இடுக்குகள் வழியே காற்று புகுந்து வெளியேறுவதால்தான் புயலிலும் அவை நிற்கின்றன. 1960-இல் புயலில் கரையொதுங்கிய பிளாஸி என்னும் சரக்குக் கப்பல் இன்றும் துருப்பிடித்த கூடாகக் கிழக்குக் கரையில் கிடக்கிறது. திரும்பும்போது மோஹர் பாறைகளின் அடிவாரம் வழியாக வரும் படகில் இடம் பதிவு செய்தால், மேலிருந்து பார்த்த உயரத்தைக் கீழிருந்தும் உணரலாம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஆகவே தீவுக்கு இன்ன நாள் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், சென்று சேர்ந்ததும் வானிலை அறிக்கையைப் பார்த்து, வாய்க்கும் முதல் நல்ல நாளிலேயே போய்விடுங்கள்.

மழை நாளுக்கு பர்ரன் இருக்கிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை, கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த தரை போலப் பரந்து கிடக்கும். வெடிப்புகளுக்குள் குனிந்து பாருங்கள்: மே மாதத்தில் ஜென்ஷியன் என்னும் சிறு பூ அடர் நீலத்தில் பூத்திருக்கும். ஆல்ப்ஸ் மலைக்குரிய செடியும் மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய செடியும் அருகருகே வளரும் அபூர்வ நிலம் இது.

ஸ்கெலிக் மைக்கேலை இந்த முறை விட்டுவிடுங்கள். போர்ட்மகீயிலிருந்து படகு, இறங்கினால் கைப்பிடி இல்லாத அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகள், தீவில் கழிப்பறையும் கிடையாது. டிங்கிளுக்கு மேலும் இரண்டு நாள் தேவைப்படும். மகனுக்கு விடுப்பு நீண்டால், கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் காரோடு ஏறி ஷானன் ஆற்றை இருபது நிமிடத்தில் கடக்கும் படகில் செல்லுங்கள். சுற்று வழி மிச்சமாகும்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் அயர்லாந்துக்கும் போகலாம் என்கிறார்கள். அங்கிருந்து வட அயர்லாந்துக்குப் போகத் தனி விசா வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா முறையில் அயர்லாந்து இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அயர்லாந்து விசா பெற்றாக வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஜயண்ட்ஸ் காஸ்வேயும் பெல்ஃபாஸ்டும் உள்ள வட அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காக அனுமதியின்றி நுழைவது சட்டமீறலே. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள பொதுத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டதற்கான ‘பி.ஐ.வி.எஸ்.’ என்ற குறிப்பு உங்கள் விசாவில் இருந்தால் இரண்டு பகுதிக்கும் அதுவே போதும். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு அங்கே கார் ஓட்டலாமா? நாங்கள் சைவம், சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சுற்றுலா வருபவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். வாடகை கார்களில் கியர் வண்டிகளே அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேளுங்கள். முன்பணத்தைப் பிடித்து வைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கிராமச் சாலைகளில் இருபுறமும் கல் சுவர் நெருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியிருக்கும். ஓட்டத் தயக்கமாக இருந்தால், டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து 350-ஆம் எண் பேருந்தில் மோஹர் பாறைகளுக்கும் டூலினுக்கும் போகலாம்.

சைவத்துக்குச் சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே நல்லது. அரிசி, பருப்பை டப்ளினில் வாங்கிக்கொள்ளுங்கள். பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருப்பதால் நெய், பால்கோவா எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். உணவகத்தில் சவுடர் என்று எழுதியிருந்தால் அது மீன் சூப். காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வெளிச்சம் இருந்தாலும் சிற்றூர் உணவகங்களில் ஒன்பது மணியளவில் சமையலை நிறுத்திவிடுவார்கள்; எட்டு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.