எல்.டி.எல். குறைந்தும் சி.ஆர்.பி. ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வயது 54. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன், எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 58. ஆனால் உடலின் அழற்சியைக் காட்டும் எச்.எஸ்.-சி.ஆர்.பி. ரத்தச் சோதனையில் 3.4 என்று வந்திருக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களின் புரதம் தமனியைக் கெடுக்கும் என்கிறார்களே, இது அதுவா?

பதில்: அது அல்ல. சி.ஆர்.பி. கல்லீரல் சுரக்கும் புரதம், அழற்சியின் வெறும் புகை. நெருப்பு தமனிச் சுவருக்குள் இருக்கிறது.

உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல்.லை மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சிடி36 போன்ற புரதங்களால் பற்றி விழுங்குகின்றன. வயிறு நிரம்பினாலும் இந்தப் புரதங்களுக்கு நிறுத்தத் தெரியாது. செல் கொழுப்பால் ஊதி 'நுரைச் செல்' ஆகிறது. உள்ளே கொலஸ்ட்ரால் படிகமானால் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டு கிளர்ந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளியேறுகிறது. அது இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதத்தைத் தூண்ட, அதன் பிறகே கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. அதே மேக்ரோஃபேஜ்கள் விடும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள் இப்படிச் சேர்ந்த கொழுப்புப் படிவை மூடியிருக்கும் கொலாஜன் உறையை அரிக்கின்றன. உறை கிழிந்த இடத்தில் ரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். அடைப்பு 40 சதவீதம்தான் என்று நிம்மதியாக இருக்க முடியாததும் இதனால்தான்.

இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசியை 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு சோதித்தது. எல்.டி.எல். அசையவில்லை, ஆனாலும் 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடியதால் அது இதய மருந்தாகவில்லை.

இனி உங்கள் 3.4. முதலில் அலகைப் பாருங்கள்: லிட்டருக்கு மி.கி. என்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, சளி, காய்ச்சல், பல் வலி எதுவும் இல்லாத நாளில் மீண்டும் எடுங்கள். 10-ஐத் தாண்டினால் வேறெங்கோ தொற்றோ காயமோ இருக்கக்கூடும், இதயக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுபடியும் 2-க்கு மேல் நின்றால் புகைப்பழக்கம், தொப்பை, ஈறு நோய், சர்க்கரை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துருவுங்கள்.

அதன் பிறகு அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். 2020-இல் 5,522 பேரிடம் நடந்த லோடோகோ2 ஆய்வில் தினம் 0.5 மி.கி. கொடுத்தபோது இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு ஒப்புதல் தந்தது. மாரடைப்பு வந்த உடனேயே தொடங்கிய 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது: சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பில் தேங்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் நஞ்சாகும். வயிற்றுப்போக்கு சகஜம், ஸ்டாட்டினோடு சேரும்போது தசை தளர்ந்தால் உடனே தெரிவியுங்கள்.

'அழற்சியைக் குறைக்கத்தானே' என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அவை மறுபடி வரும் ஆபத்தைக் கூட்டும்.