கேட்காமலே சேர்ந்துகொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள் வசதியா, ஆபத்தா?

கேள்வி: என் வேலை முழுவதும் பிரவுசரில்தான் நடக்கிறது. எழுத்துப்பிழை திருத்த, விளம்பரங்களைத் தடுக்க, திரையைப் படமெடுக்க என்று, பிரவுசரோடு சேர்ந்து இயங்கும் சிறு மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்கள் ஏழெட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் வருகிற எச்சரிக்கையைப் படிக்காமலே சம்மதம் தந்துவிடுகிறேன். எல்லாவற்றையும் நீக்கிவிடச் சொல்கிறாள் என் மகள். அப்படிச் செய்வதுதான் சரியா?

பதில்: உங்கள் மகளின் கவலை நியாயமானது, ஆனால், எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. சில நம்மைக் காக்கவும் செய்யும். உதாரணமாக, கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் நல்லதொரு எக்ஸ்டென்ஷன், முகவரி மாறியிருக்கும் போலித் தளத்தில் உங்கள் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. நம் கண்ணுக்குத் தப்பிவிடும் ஓரெழுத்து வித்தியாசம் அதற்குத் தப்பாது.

பிற மென்பொருள்கள் சேர்ப்பவற்றுக்கும் பிரவுசர் நம் சம்மதத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009-இல் விண்டோஸில் பிற நிரல்கள் இயங்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் மென்பொருளுக்கான ஒரு புதுப்பிப்பு, பயன்படுத்துவோரைக் கேட்காமலே பயர்பாக்ஸ் பிரவுசரில் ஓர் ஆட்-ஆனை, அதாவது எக்ஸ்டென்ஷன் போன்ற ஒரு சேர்ப்பைச் சேர்த்தது. அதை நீக்குவதற்கான பொத்தானும் தொடக்கத்தில் செயல்படவில்லை. பிற மென்பொருள்கள் இவ்வாறு நுழைப்பவற்றை, நாம் சம்மதிக்கும்வரை முடக்கிவைக்கும் ஏற்பாடு 2011-இல்தான் பயர்பாக்ஸில் வந்தது. காணொளி, விளையாட்டுகளை ஓட்டுவதற்காகப் பிரவுசரோடு இணைந்த ஃபிளாஷ் போன்ற பழைய பிளக்-இன்களின் காலம் 2020 இறுதியோடு முடிந்தது.

இன்றைய எக்ஸ்டென்ஷன்களால் அந்தப் பிளக்-இன்களைப் போலக் கணினிக்குள் எளிதில் இறங்க முடியாது. ஆனால், நீங்கள் படிக்காமல் சம்மதிக்கும் அந்த எச்சரிக்கையில், "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று ஒரு வரி இருந்தால், தயவுசெய்து அங்கே நின்று யோசியுங்கள். நீங்கள் திறக்கும் மின்னஞ்சலும், வங்கிப் பக்கத்தில் தட்டச்சு செய்யும் எண்களும், சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அந்த எக்ஸ்டென்ஷனுக்குத் தெரியக்கூடும் என்பதுதான் அதன் பொருள். வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக மாற்றப்பட்ட தகவல், பிரவுசருக்குள் வந்து அந்த மறைகுறி நீங்கிய பிறகே எக்ஸ்டென்ஷன் அதைப் பார்ப்பதால், பாதுகாப்பான இணைப்பும் இதைத் தடுக்காது.

சேர்த்த நாளில் நல்லதாக இருந்தது பிறகும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதே என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' பலரும் விரும்பிய எக்ஸ்டென்ஷன். 2020-இல் அது வேறொருவர் கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில், சைபர்ஹேவன் என்னும் தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால், அதன் எக்ஸ்டென்ஷனுக்கே கெட்ட புதுப்பிப்பு ஒன்று போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் அழுத்தவில்லை. புதுப்பிப்பு கூடுதல் அனுமதி கோரினால்தான் பிரவுசர் மீண்டும் கேட்கும். எல்லாத் தளங்களுக்கும் ஏற்கெனவே அனுமதி தந்திருந்தால், அது கேட்க வேண்டிய தேவையே எழாது. இதற்காகத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தவும் கூடாது. குறைகளைச் சரிசெய்யும் திருத்தங்களும் அதே வழியில்தான் வருகின்றன.

ஆகவே, அனுமதியைச் சுருக்குங்கள். குரோமில் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்திலும், எந்தத் தளங்களை அது அணுகலாம் என்பதை மாற்றிக்கொள்ளலாம். திரையைப் படமெடுப்பதற்கு, நீங்கள் அழுத்தும்போது மட்டும் அனுமதி போதும். பிழைதிருத்திக்கு நீங்கள் எழுதும் தளங்கள் மட்டும் போதும். விளம்பரத் தடுப்புக்குப் பொதுவாக எல்லாத் தளங்களும் தேவைப்படும் என்பதால், மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கும்படி வெளிப்படையாக வைத்துள்ள, நெடுங்காலமாகப் பராமரிக்கப்படும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத தனி புரொஃபைலை (அதே பிரவுசருக்குள் தனி அமைப்புகளோடு இயங்கும் பகுதியை) உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலைதான், நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். எப்போதோ சேர்த்து மறந்துபோனவற்றை இன்றே நீக்கிவிடலாம்.

இனி ஒரு புதுப்பிப்புக்குப் பின் பிரவுசர் ஏதேனும் எக்ஸ்டென்ஷனை முடக்கிவிட்டுப் புதிய அனுமதி கேட்டால், அது செய்யும் வேலைக்கு அந்த அனுமதி எதற்கு என்று பாருங்கள். திரையைப் படமெடுக்கும் கருவி எல்லாத் தளங்களையும் படிக்கக் கேட்டால், சம்மதிக்காமல் அதை நீக்கிவிடுங்கள்.