குரல் நாணில் வளர்ச்சி இருந்தால் லேசர்தான் சிறந்த சிகிச்சையா?

குரல் நாணில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, லேசர் நல்லதா, சாதாரண அறுவை சிகிச்சையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது என்ன வளர்ச்சி என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எனக்கு இருந்தது பாப்பிலோமா, அதாவது மரு போன்ற வளர்ச்சி. கார்பன் டை ஆக்சைடு, கே.டி.பி. என்ற இரண்டு வகை லேசரும் செய்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அதிகம் பேசி, கத்தி வருகிற சிறு தடிப்பாக, அதாவது நாட்யூலாக இருந்தால் முதலில் குரல் பயிற்சிதான். பெரும்பாலும் அதிலேயே சுருங்கிவிடும். சிஸ்ட் என்பது பை போன்ற கட்டி, தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மேல்தோலை மெல்லப் பிரித்து நுண்கருவிகளால் எடுப்பதுதான் வழக்கம். பாலிப் என்ற மெத்தென்ற சதை வளர்ச்சிக்கு லேசர், நுண்கருவி இரண்டு வழியும் சரி, செய்பவரின் அனுபவம்தான் முக்கியம். லேசர் என்றாலே உயர்ந்தது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். நாணின் மேல்தோலுக்குக் கீழே ஜெல்லி போன்ற மிக மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. குரல் பிறப்பதே அதன் அதிர்வில்தான். சூடோ கத்தியோ அதைத் தாண்டி ஆழமாகப் போனால் தழும்பாகி, கரகரப்பு நிரந்தரமாகிவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவில் உள்ள நீர் அதை உறிஞ்சிக்கொள்வதால் ஆழமாகப் பாயாமல் துல்லியமாக வெட்டும். முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாக உலோகக் குழாய் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செய்வார்கள். எனக்குத் தொண்டையை விட நாக்கு மரத்துப்போனதுதான் பெரிய தொல்லையாக இருந்தது; சில நாட்கள் ருசியே தெரியவில்லை. மூச்சுக்குழாயில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது லேசர் பட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் லேசருக்கென்றே செய்த குழாய், ஈரப் பஞ்சு, குறைந்த ஆக்சிஜன் என்று அத்தனை ஏற்பாடும். இதில் பழக்கப்பட்ட குழுவிடம் போங்கள்.

கே.டி.பி. லேசர் பச்சை ஒளி, 532 நானோமீட்டர். இதை உறிஞ்சுவது ரத்தத்தின் சிவப்பு நிறமி. வளர்ச்சிக்கு ஊட்டம் தரும் ரத்தக்குழாய்களை அது மூடிவிட, மற்ற திசு பெருமளவு தப்பிக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து, தொண்டையை மரக்கச் செய்து, மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டே இதைச் செய்ய முடியும். இருமல் வரும், கருகின வாசனை வரும், ஆனால் அன்றே வீட்டுக்குப் போகலாம். மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வளர்ச்சி பெரிதாக இருந்தாலோ, குமட்டலை அடக்க முடியாதவராக இருந்தாலோ மயக்கம் கொடுத்துச் செய்வதே மேல்.

பாப்பிலோமா என்றால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ், பெரும்பாலும் 6, 11 வகைகள். லேசர் வளர்ச்சியை நீக்கும், வைரஸை நீக்காது, அதனால் திரும்ப வரலாம். ஒரேயடியாகச் சுரண்டி எடுக்கச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள். இரு நாண்களும் சேரும் முன்மூலையில் எனக்கு ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு, மறுபக்கத்தை வேண்டுமென்றே பிறகு வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகப் புண்ணானால் ஒட்டிக்கொண்டு சவ்வு உண்டாகிவிடலாம்.

அப்புறம், லேசரால் ஆவியாக்கினால் பரிசோதனைக்குத் திசு மிஞ்சாது. அதற்கு முன்பே பயாப்ஸி எடுப்பார்களா என்று கேளுங்கள். வெள்ளைப் படலம் இருந்தாலோ, புகைப்பழக்கம் இருந்தாலோ இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆரம்ப நிலைப் புற்றுநோய் என்று வந்தால்கூட லேசர், கதிர்வீச்சு இரண்டுமே நன்றாகப் பலன் தருகின்றன.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் மௌனம். கிசுகிசுப்பதும் வேண்டாம்.

ஸ்ட்ரோபோஸ்கோபி எடுக்காமலே தேதி குறித்திருந்தால், முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள். நாணின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் பரிசோதனை அது. சிஸ்ட்டா நாட்யூலா என்பது பெரும்பாலும் அதில்தான் பிடிபடும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.