தொழிற்கல்விப் பட்டறையில் பாதுகாப்பு: கேள்வி பதில்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவுகளில் செய்முறை வகுப்பு எடுப்பவர்களும், மாணவர்களும், பெற்றோரும் கேட்டவை. பொதுவாக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 வயதுப் பிள்ளை கவனம் சிதறும், அவசரப்படும். அது தவறியபோதும் கை போகாத மாதிரி இயந்திரத்தையும் வயரிங்கையும் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. "கவனமாக இரு" என்று சுவரில் எழுதுவது அதற்கெல்லாம் பிறகு.

பெஞ்ச் கிரைண்டருக்குப் புதுக் கல் வந்திருக்கிறது. நானே மாட்டலாமா சார்? என்ன பார்க்க வேண்டும்? (இயந்திரவியல் ஆசிரியர்)

மாட்டலாம், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் கல்லின் லேபிளில் உள்ள அதிகபட்ச ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) பாருங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் 2800 முதல் 2900 ஆர்பிஎம் வரை ஓடும். கல்லின் எண் மோட்டாரின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அது அந்த மெஷினுக்கு ஆகாது. 150 மி.மீ. கல்லின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர் போகிறது. உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் வரும்.

அடுத்து ஒலிச் சோதனை. காய்ந்த கல்லின் துளையில் விரலைவிட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். நேர்மேல் கோட்டிலிருந்து 45 டிகிரி தள்ளி, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, இரண்டு பக்கமும் தட்ட வேண்டும். பிறகு கல்லைக் கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது. அப்படிப்பட்ட கல்லை இரண்டாக உடைத்தே குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

கல்லின் இருபுறமும் ஒட்டியிருக்கும் காகித வட்டைக் கிழிக்காதீர்கள். பிளேஞ்சின் (கல்லை இருபுறமும் பிடிக்கும் இரும்பு வட்டு) அழுத்தம் கல் முழுக்கச் சமமாகப் பரவுவது அதனால்தான். இடது பக்கக் கல்லின் நட்டு இடப்புரி மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் தவறான பக்கம் திருகி மரையைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. நட்டை அளவாக இறுக்கினால் போதும், அளவுக்கு மீறினால் கல் விரிசல் விடும்.

டூல் ரெஸ்டுக்கும் (வேலைத் துண்டைத் தாங்கும் தட்டு) கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள், மேலே உள்ள தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மி.மீ.க்குள் இருக்கட்டும். கல் தேயத் தேய இந்த இடைவெளி அகலும். பள்ளிகளில் இதை யாரும் திரும்பச் சரிசெய்வதில்லை. 10 மி.மீ. அகன்றுவிட்டால் சிறிய வேலைத் துண்டு உள்ளே இழுக்கப்பட்டுச் சிக்கும், கல் வெடிக்கும், பிடித்திருந்த விரலும் கூடவே போகும். மெஷின் நின்ற பிறகே இடைவெளியைச் சரிசெய்யுங்கள். கடைசியாக, கவரைப் போட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகு மாணவர்களை அருகில் விடுங்கள். இந்தக் கல்லில் அலுமினியம் தேய்க்கக் கூடாது. கல்லின் துளைகள் அடைத்துச் சூடேறிவிடும்.

அண்ணா, லேத்தில் வேலை செய்யும்போது கையுறை போட வேண்டாம் என்கிறார்கள். பாதுகாப்புக்குத்தானே கையுறை? (பிளஸ் 1 மாணவர்)

சுழலும் இயந்திரம் எதிலும் கையுறை கூடாது தம்பி. லேத், டிரில்லிங் மெஷின் இரண்டுக்கும் இதே விதிதான். துணி நுனி சக்கிலோ (வேலைத் துண்டைப் பிடித்துச் சுழலும் பகுதி) டிரில் பிட்டிலோ பட்டால், நீ கையை இழுப்பதற்குள் மணிக்கட்டு வரை சுற்றிவிடும். முழுக்கைச் சட்டை, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, கைக்கயிறு, பின்னாத முடி எல்லாமே இதே ஆபத்துதான். சுருளாக வரும் இரும்புப் பிசிறைக் கையால் எடுக்காதே, கொக்கியோ பிரஷோ பயன்படுத்து. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்ச் போடுவது லேத்தில் நடக்கும் மிக மோசமான தவறு. சாவியிலிருந்து கை எடுத்தால் அது சக்கிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், இதைப் பழக்கமாக்கிக்கொள்.

டிரில்லிங்கில் மெல்லிய தகட்டைக் கையால் பிடிக்காதே. பிட் அடிப்பக்கம் துளைத்து வெளியேறும் அந்த நொடியில்தான் தகட்டைக் கவ்வும். அப்போது தகடே கத்தியாகச் சுழலும். அடியில் மரக்கட்டை வைத்து, வைஸிலோ கிளாம்பிலோ பிடித்து, கடைசி மில்லிமீட்டரில் அழுத்தத்தைக் குறைத்துவிடு.

மின் பட்டறையில் ஆர்சிசிபி (மின் கசிவை உணர்ந்து தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது என்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுத்துவிட்டார். இப்போது தொந்தரவில்லை. அப்படியே விடலாமா? (தலைமை ஆசிரியர்)

விடக் கூடாது ஐயா. இன்றே அந்தப் பட்டறையின் மெயினை அணைத்து வையுங்கள். எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் அணையும் சுவிட்ச்) வயரைத் தீயிலிருந்து காக்கும், ஆளைக் காக்காது. ஈரக் கையோடு ஒரு மாணவர் 230 வோல்ட்டைத் தொட்டால், உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால், பாய்வது 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது உறைக்கவே உறைக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மட்டுமே அந்தக் கசிவை உணர்ந்து அணைக்கும்.

டிரிப் ஆவது நோயின் அறிகுறி. எல்லா எம்சிபிகளையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு, எந்தச் சர்க்யூட்டில் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஈரமேறிய பழைய மோட்டார், ஆர்சிசிபிக்குப் பின்னால் எங்கோ எர்த்தைத் தொடும் நியூட்ரல், அல்லது வேறு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்த நியூட்ரல். மோட்டாரை இணைப்பிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே அளந்தால் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். குறைந்தால் மோட்டாரைப் பழுதுபார்க்க அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். ஒன்றை மாணவர்களுக்கு மறக்காமல் சொல்ல வேண்டும்: ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது, அது விழாது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்பில் பார்த்தால் போதுமா?

போதாது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் பல்பு பிரகாசமாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது, அவ்வளவே தெரியும். தடை எவ்வளவு என்பதை எர்த் டெஸ்டரில்தான் அளக்க முடியும். எர்த் அறுந்திருந்தால் இந்தச் சோதனையின்போது எல்லா மெஷின் பாடிகளும் மின்னேற்றம் பெறும், எனவே யாரும் எதையும் தொடாத நேரத்தில் செய்யுங்கள். ஆர்சிசிபி உள்ள சர்க்யூட்டில் பல்பு எரியாமல் அது விழுந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல சேதி. கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதை விடாதீர்கள். மூன்று பேஸ் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் வயர் வேண்டும், ஒன்று போதாது.

என் மகன் வெல்டிங் பழகுகிறான். இரவில் கண்ணில் மணல் விழுந்தது போல் எரிகிறது என்கிறான். (பெற்றோர்)

புற ஊதாக் கதிர் பட்டதன் விளைவாக இருக்கலாம் அம்மா. பட்ட உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் எரியும், நீர் வடியும். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள், கடையில் கேட்டு எந்தச் சொட்டு மருந்தும் போடாதீர்கள், கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டறையில் கேளுங்கள்: ஆர்க் வெல்டிங் முகக் கவசத்தில் 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா? வெல்டிங் செய்பவரைச் சுற்றித் திரை இருக்கிறதா? பெரும்பாலும் பாதிக்கப்படுவது வேடிக்கை பார்க்கும் பையன்தான். கசடு தட்டும்போது நிறமில்லாத கண்ணாடி கட்டாயம். நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் உடுத்த வேண்டும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை மூடிய அறையில் வெல்டிங் செய்யக் கூடாது, துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கேஸ் வெல்டிங் சிலிண்டர்கள்?

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு, ரெகுலேட்டர் எதிலும் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். அசிட்டிலினை நிமிர்த்தியே வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே திறக்க வேண்டும். அசிட்டிலினின் வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் அது தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடும். கசிவுக்குச் சோப்புத் தண்ணீர்தான், தீக்குச்சி அல்ல. இரண்டு ஹோஸிலும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (தீ குழாய்வழியே திரும்பிப் போகாமல் தடுப்பது) இல்லையென்றால் செய்முறையைத் தள்ளி வையுங்கள்.

செவிலியர் பிரிவு மாணவிக்கு மருத்துவமனைப் பயிற்சியில் ஊசி குத்திவிட்டால்?

குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் விட்டுக் கழுவ வேண்டும். மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும், பயந்து மறைக்கக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் பயன் இல்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயல்வதால்தான் பல குத்துகள் நடக்கின்றன. மூடாமல் நேராக ஊசி துளைக்க முடியாத வெள்ளை நிறப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

ஆர்சிசிபி, எர்த் சோதனை, இயந்திரங்களின் பெல்ட் கவர், கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு அவசர நிறுத்தப் பட்டன். பிறகு தலைக்கு ஒன்றாக ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கண்ணாடி. ஒரே கண்ணாடியை நாற்பது பேர் மாற்றிப் போடச் சொன்னால் யாரும் போட மாட்டார்கள். அதன்பின் மின் பலகை அருகே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று, வாசலுக்குப் பக்கத்தில் ஏபிசி பவுடர் ஒன்று. பவுடர் தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்க ஒருவரை நியமியுங்கள். முதலுதவிப் பெட்டியில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இரும்புத் துகள் கண்ணில் பட்டால் காந்தம் வைத்து எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கண்ணில் குத்தி நிற்கும் துகளை எடுக்க முயன்றால் ஆழமாகப் போகும். தேய்க்காமல், அழுத்தாமல், சுத்தமான காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டி, கண் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பேட்டரி ஆசிட் தெறித்தது என்றால் வழி வேறு: இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 108-க்கு வேறொருவர் அழைக்கட்டும், கழுவுவது நிற்கக் கூடாது.